இரண்டு பேருக்கான இன்ஜின்

பார்சலைப் பிரித்ததும் மெக்கானிக் முதலில் பிஸ்டனைத்தான் கையில் எடுத்தார். பழையதைவிடக் கொஞ்சம் பெரிசு. கொஞ்சம் என்றால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் அவருடைய சகலை தூக்கம் கெட்டுத் திரிந்துகொண்டிருந்தார்.

சகலைக்கு வேலை மலை மேல். நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். பம்ப் ஹவுஸை ஒட்டியே குவார்ட்டர்ஸ். மேலே போக ஒரே பாதை. பாதி தார், பாதி சரளை. பஸ் கிடையாது. குடிநீர் வாரிய ஜீப் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. மற்ற எல்லாவற்றுக்கும் அவருடைய மோட்டார் சைக்கிள்தான். உயரமான, ஒல்லியான, ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவான சின்ன வண்டி. ஒரு ஆள் உட்கார்ந்தால் ஆட்டுக்குட்டி மாதிரி எங்கே வேண்டுமானாலும் தாவும். இரண்டாவது ஆள் உட்கார்ந்தால் மூச்சு வாங்கும்.

அந்த இரண்டாவது ஆளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுச் சில வருஷங்கள் ஆகின்றன.

அவள் மெக்கானிக்கின் மனைவிக்கு ஒரே தங்கை. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். ஆஸ்பத்திரி கீழே, நகரத்தில். இறங்குவது பிரச்னையில்லை, இறக்கத்தில் செத்த வண்டியும் ஓடும். சிகிச்சை முடிந்து திரும்பும்போதுதான் வண்டி மக்கர் பண்ணும். கடைசிக் கொண்டை ஊசி வளைவில் முதல் கியரிலும் முனகிவிட்டு நின்றுபோகும். அவள் இறங்கி நடக்க வேண்டும், ரத்தத்தைச் சலவை செய்துவிட்டு வந்த உடம்போடு. சமீபத்தில் ஒரு நாள் வளைவுச் சுவரில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. சகலை வண்டியை மேலே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, திரும்ப ஓடி வந்து, முதுகில் சுமந்துகொண்டு போனார்.

அன்றைக்கே மெக்கானிக்குக்கு போன் வந்தது. வேறு வண்டி வாங்கும் நிலைமையில் இல்லை, இருக்கிற இன்ஜினைப் பெரிசாக்க முடியுமா?

முடியும். அதற்கென்றே கிட் வருகிறது. பெரிய சிலிண்டர், அதற்கேற்ற பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங்குகள், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுகள். மனுஷனுக்கு நுரையீரல் மாற்றி வைக்கிற மாதிரிதான் என்று விளக்கினார் மெக்கானிக். யாரிடம் என்ன பேசுகிறோம் என்பது உறைத்து, அதோடு நிறுத்திக்கொண்டார்.

எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள் என்று அக்கா கெஞ்சாத நாளில்லை. தங்கை மசியவில்லை. நோயாளியாக இருப்பதே போதும், விருந்தாளியாகவும் இருக்கத் தன்னால் முடியாது என்றுவிட்டாள்.

வண்டியைக் கொண்டுவந்து விட்ட அன்று இருவருமே ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தார்கள். வரும் வழியில் இன்ஜின் இருமிய இருமலை சகலை வாயாலேயே செய்து காட்டினார். வாரிய ஜீப் தெருமுனையில் நிற்கிறதாம், டிரைவர் கிளம்புவதற்குள் பிடித்துவிடுகிறேன் என்று வெளியே ஓடினார். அவள், யாரோ உடைத்த காரிலிருந்து பிடுங்கிப் போட்டிருந்த சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. முகத்தில் மட்டும் வீக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அத்தான், ஒண்ணு சொன்னா அக்கா காதுக்குப் போகக் கூடாது."

உங்க அக்காவுக்குத் தெரியாம இந்தக் கடையில ஒரு நட்டுகூட உருண்டதில்லையே என்றார் மெக்கானிக், பெட்ரோல் டியூபைக் கழற்றிக்கொண்டே. அவள் சிரிக்கவில்லை.

"இந்த வண்டியைச் சரி பண்ணாதீங்க."

டியூபிலிருந்து பெட்ரோல் அவர் விரல்களில் ஒழுகியது. அவர் கையை எடுக்கவில்லை.

அவள் குரலை உயர்த்தாமலே சொல்லிக்கொண்டு போனாள். இதயமும் பலவீனமாகிவிட்டதாம், வேறு சிறுநீரகம் வைக்கிற பேச்சுக்கே இடமில்லையென்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லிவிட்டாராம். ஒரு நாள் ஆஸ்பத்திரி. அடுத்த நாள் அடித்துப் போட்ட மாதிரி படுக்கை. கண் விழித்தால் திரும்ப ஆஸ்பத்திரி. இதில் எந்த நாளை வாழ்க்கை என்று சொல்வது? அவருக்குப் பாதி ராத்திரி பம்ப், பாதிப் பகல் பெண்டாட்டி. ஆள் பாதியாகிவிட்டார், கவனித்தீர்களா என்று கேட்டாள்.

"எனக்குப் போதும் அத்தான். டயாலிசிஸ் வேணாம்னு நானா சொன்னா அவரு உடைஞ்சிடுவாரு. வண்டி ஏறலைன்னா யார் மேலயும் தப்பில்ல."

பைத்தியமா உனக்கு என்றார் மெக்கானிக். அதட்டலாக வந்திருக்க வேண்டியது, கெஞ்சலாக வந்தது.

"உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாதா என்ன? கிட் இந்த வண்டிக்கு ஒத்துவரலன்னு சொல்லுங்க. பழசையே மாட்டிக் குடுத்துடுங்க. அவ்வளவுதான்."

அவர் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. வாய்க்குப் பழகிப்போனது தானாக வந்தது.

"நாளைக்குப் பார்க்கலாம்மா."

அவள் அப்போதுதான் சிரித்தாள். காரணம் இருந்தது. அந்தச் சுற்று வட்டாரத்தில் மெக்கானிக்குக்குப் பெயரே 'நாளைக்கு'தான். 'நாளைக்கு' கடையில் வண்டி விட்டிருக்கிறேன் என்பார்கள். கை சுத்தம், வேலை சுத்தம், சொன்ன தேதி மட்டும் சுத்தமாகப் பொய். ஸ்பேர் வரவில்லை, லேத்தில் கரண்ட் இல்லை, ஆயில் சீலை எலி தின்றுவிட்டது. அவர் சொல்லும் காரணங்களைக் கேட்பதற்கென்றே சில பேர் வண்டியைக் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு.

ஜீப் ஹாரன் கேட்டது. சகலை வந்து அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். போகும்போது திரும்பி, ரெண்டு பேரைத் தூக்குற மாதிரி பண்ணிடுங்கண்ணே என்றார். மெக்கானிக் அவரைப் பார்த்தார். உண்மைதான். ஆள் பாதியாகியிருந்தார்.

மறுநாள் காலையில் இன்ஜினைத் திறந்தார்.

கை வேலை செய்தால் மனசு தெளியும் என்ற நம்பிக்கை. டேங்க், சைலன்சர், கார்ப்பரேட்டர் என்று ஒவ்வொன்றாக இறங்கின. டைமிங் செயின் உள்ளே விழுந்துவிடாமல் கம்பியால் இழுத்துக் கட்டினார். மேல்மூடியான ஹெட்டைத் தூக்கினார். பழைய சிலிண்டர் முரண்டு பிடித்தது. ரப்பர் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டியதும் வழிக்கு வந்தது. திறந்து கிடந்த வாயில் எதுவும் விழாதபடி துணியை அடைத்தார். பழைய பிஸ்டனைக் கழற்றித் துடைத்தார். சும்மா சொல்லக்கூடாது, உழைத்திருந்தது. அதன் விலாவில் தேய்மானக் கோடுகள் பளபளத்தன.

பிறகு புது ரிங்கைப் புது சிலிண்டருக்குள் இறக்கி, அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறதென்று கேஜ் தகட்டைச் செருகிப் பார்த்தார்.

தகடு நுழையவில்லை.

புதுசில் இப்படி இருப்பதுண்டு. இரும்பு சூட்டில் நீளும். இடைவெளி போதாவிட்டால் முனைகள் ஒன்றோடொன்று முட்டி, ரிங் சிலிண்டரைக் கவ்வி, பிஸ்டன் அப்படியே நின்றுவிடும். அரத்தை எடுத்து முனையைக் கொஞ்சமாக ராவினால் தீர்ந்தது. சின்ன வேலை.

அரத்தை எடுக்கப் போன கை பாதியில் நின்றது.

ராவாமல் இப்படியே மாட்டினால்? சமதரையில் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில், சூடேறின பிறகு, பாரத்தோடு, இறுகும். கிட் ஒத்துவரவில்லை என்பதைப் பொய்யாகச் சொல்லவே வேண்டாம், இன்ஜினே சொல்லிவிடும். யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது.

அடுத்த நொடி அவருக்கு அந்த மலைப் பாதை நினைவுக்கு வந்தது. இன்ஜின் இறுகினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வண்டி மேல் இரண்டு பேர். இந்த மாதிரி யோசனை தன் மண்டைக்குள்ளிருந்தா வந்தது என்று அரத்தைத் தள்ளி வைத்தார். தன் கையைத் தானே நம்ப முடியாத நிலையில் மேற்கொண்டு எதையும் தொடப் பயமாயிருந்தது. இன்ஜினைத் துணி போட்டு மூடினார்.

சாயங்காலம் சகலை போன் செய்தபோது, கேஸ்கெட் ஒன்று குறைகிறது, எழுதிப் போட்டிருக்கிறேன் என்றார். எப்போது வரும் என்று கேட்டார் சகலை. நாளைக்கு.

இப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த நாள் கார்ப்பரேட்டர் ஜெட் அளவு சரியில்லை. அதற்கடுத்த நாள் லேத்துக்காரர் ஊரில் இல்லை. சகலை ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. ஊரறிந்த பொய்யனிடம் ஒரு வசதி இருக்கிறது; அவன் புதுசாக ஒரு பொய் சொல்கிறான் என்று யாருக்கும் தோன்றாது. அவசரமில்லண்ணே, நல்லா பண்ணுங்க என்பார். பின்னால் பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். மெக்கானிக் போனை வைத்துவிட்டு, மூடிக்கிடக்கும் வண்டியைப் பார்ப்பார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்வார்.

வண்டி இல்லாததால் ஜீப்பை நம்ப வேண்டியிருந்தது. ஜீப் ஒரு தடவை வந்தது. ஒரு தடவை பஞ்சர். ஒரு தடவை மேலதிகாரியோடு வேறு எங்கோ போய்விட்டது. டயாலிசிஸ் தவறியது. திரும்பவும் தவறியது.

மெக்கானிக்கின் மனைவிக்குப் பள்ளிச் சீருடை தைக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. காஜா எடுக்காத சட்டையை நூறு சட்டைகளுக்கு நடுவிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இழுத்துவிடுவாள் என்பார்கள். இரண்டு முறை தவறியபின் ஜீப் வந்த அன்று, வேலையிலிருந்து பாதியில் கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜீப்பிலிருந்து தங்கையை இறக்கும்போது கூட இருந்தாள். அங்கிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தாள். கத்தவில்லை. அதுவே வித்தியாசமாக இருந்தது.

அவ கண் இமை திறக்க முடியாம வீங்கியிருக்கு, பேசினா மூச்சு இரைக்குது, செருப்பு காலில் நுழையலைன்னு வெறுங்காலோட வந்திருக்கா என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வண்டியை மூடியிருந்த துணியை எடுத்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். ஆணியில் ஒரு கவர் தொங்கியது. பார்சல் பெட்டியில் இருந்த அதே சிவப்பு முத்திரை. உள்ளே கேஸ்கெட்டுகள், எல்லாமும்.

"வரலன்னு சொன்னீங்க."

மெக்கானிக் வாயைத் திறந்தார். சொல்லிவிடலாம். உன் தங்கச்சிதான் கேட்டுக்கிட்டா என்று ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரி அக்காவை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்குக் கேட்டால் நாளை விடிவதற்குள் மலை மேல் போய் நிற்பாள், தங்கை காலில் விழுவாள், அவளைத் தூக்கிக்கொண்டு வருவாள். வாயை மூடிக்கொண்டார்.

"ஊர்க்காரன் வண்டின்னு நினைச்சீங்களா?" என்றாள். "அவ உசுருங்க அது."

போய்விட்டாள். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். அவரும் அப்படியே விட்டார். அன்றிலிருந்து வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது, பேச்சு இல்லை.

அன்று பகலிலேயே ரிங்கை ராவினார். ராவிவிட்டு அளந்தார். திரும்ப ராவினார். தகடு வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறவரைக்கும் விடவில்லை. வீங்கின கால் ஒன்று கண்ணுக்குள் நின்றுகொண்டே இருந்தது. முடிவெடுக்காமல் இருந்ததாக நினைத்த அத்தனை நாளும் தான் முடிவெடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. அவள் கேட்டது பொய். அவர் கொடுத்துக்கொண்டிருந்தது இந்த வீக்கமும் மூச்சிரைப்பும்.

பிஸ்டனை அதன் குறி சைலன்சர் பக்கம் பார்க்கும்படி மாட்டினார். ரிங்குகளின் வாய் ஒரே நேர்கோட்டில் வராமல் திருப்பி வைத்தார். சிலிண்டர் எண்ணெயில் வழுக்கி இறங்கியது. ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, அவசரப்படாமல் முறுக்கினார். செயினைக் குறி பார்த்துப் போட்டார். கார்ப்பரேட்டருக்குப் பெரிய ஜெட். கிக்கரை உதைத்தபோது எப்போதும் படபடவென்று அடித்துக்கொள்ளும் வண்டி, அடிவயிற்றிலிருந்து பேசியது.

புது இன்ஜினை உடனே ஏற்றத்தில் வதைக்கக் கூடாது. சூடாக்கி, ஆறவிட்டு, திரும்பச் சூடாக்கி, பிறகு புறவழிச்சாலையில் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். அதையும் மெக்கானிக்கே செய்தார். கடையைப் பூட்டிவிட்டு நாள் முழுக்க ஓட்டினார். அதுவரை தங்கையைக் கூட்டிவரும் பொறுப்பை அக்கா ஏற்றுக்கொண்டாள். ஜீப் டிரைவரின் வீட்டுக்கே போய் நின்றாள். அதன் பிறகு அந்த ஜீப் பஞ்சரே ஆகவில்லை.

வண்டியை எடுத்துப்போக சகலை தனியாக வந்தார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். இறங்கி வந்து மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியைத் தாங்க முடியாமல்தான் மெக்கானிக் சொன்னார். அவள் கேட்டது, தான் இழுத்தடித்தது, கேஸ்கெட் கதை, எல்லாம். ரிங்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

சகலை கையை எடுக்கவில்லை.

"தெரியும்ணே."

மெக்கானிக் நிமிர்ந்தார்.

"நீங்க இழுத்தடிச்சது தெரியாது. அவ மனசு தெரியும். ரொம்ப நாளாவே தெரியும். வண்டி ஏறலங்கிறது அவளுக்கு ஒரு சாக்கு. எனக்கும் அதான் சாக்கு. பாழாப்போன வண்டின்னு இதைத் திட்டிக்கிட்டே ரெண்டு பேரும் நாளை ஓட்டிட்டோம். பேச வேண்டியதைப் பேசல." டேங்கின் மேல் இல்லாத தூசியைச் சட்டைக் கையால் துடைத்தார். "அதுக்குத்தான் கிட் போடச் சொன்னேன். இனிமே வண்டியைத் திட்ட முடியாதுல்ல. வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம். அவ என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லட்டும்."

"அவ வேணாம்னே சொல்லிட்டா?"

"கேட்டுக்கணும்ணே. வேற என்ன பண்றது?"

பிறகு அவர் வண்டிக் கண்ணாடியைச் சரி செய்தார், தேவையில்லாமல் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார், கிளம்பிப் போனார்.

அதற்கப்புறம் அந்த வண்டி இருவரோடு பட்டறையைத் தாண்டிப் போவதை மெக்கானிக் பார்த்தார். அவள் பின்னால் உட்கார்ந்து அவருடைய சட்டையைப் பிடித்திருப்பாள். அவர்கள் திரும்பும்போது மெக்கானிக் ஒருமுறை கையசைத்தார். அவள் பார்த்தாள், கை அசைக்கவில்லை. அவளுக்குக் கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். தங்கையின் முகத்தில் வீக்கம் வடிந்திருந்ததைப் பார்த்து மனைவிகூட அன்று இரண்டு வார்த்தை பேசினாள்.

ஒரு டயாலிசிஸ் நாள் காலை. கடையைத் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வண்டி வந்து வாசலில் நின்றது. பின் சீட்டில் ஆள் இல்லை.

சகலை ஸ்டாண்ட் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சவரம் செய்துகொண்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாடி வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பி இறங்கிவந்த மனைவி, பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள். தங்கச்சி எங்கே என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

"ஸ்டார்ட் பண்ணிட்டு நின்னேன் அண்ணி," என்றார் சகலை. "வாசலுக்கு வந்தா. ஏறுவான்னு பார்த்தேன். கையை நீட்டி சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணிட்டா."

சகலை அந்தச் சாவியைத் தொட்டுக் காட்டினார்.

"போதும்னா. என் மூஞ்சியைப் பார்த்துத்தான் சொன்னா. நான் அழுதேன். அவ அழல." அண்ணி பக்கம் திரும்பினார். "அக்காவைக் கூட்டிட்டு வாங்க, வந்து திட்டட்டும், எவ்வளவு நேரம் வேணா கேட்டுக்கறேன்னா."

மனைவி திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தாள். நூறு சட்டைகளுக்கு நடுவே குறையைக் கண்டுபிடிக்கும் கண்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்று தலையை ஆட்டினார்.

அவள் மேலே போனாள். பீரோ திறக்கும் சத்தம், மூடும் சத்தம். ஒரு பையோடு இறங்கி வந்தாள். போன் செய்து, எத்தனை நாள் என்று தெரியாது, லீவு என்று மட்டும் கம்பெனிக்குச் சொன்னாள். அவளுக்கு மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து பழக்கமில்லை. அதுவும் இவ்வளவு உயரத்தில். மெக்கானிக் குனிந்து பின் ஃபுட்ரெஸ்டைக் கையால் விரித்துக் கொடுத்தார். குனிந்திருந்த அவர் தோளைப் பிடிக்காமல் ஏற முடியவில்லை. பிடித்தாள். ஏறி உட்கார்ந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள். "கொஞ்ச நாள் முன்னாடியே போய் அவகூட இருந்திருப்பேன்."

சகலை கிக்கரை உதைத்தார். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது.

பட்டறையிலிருந்து பார்த்தால் மலைப் பாதையின் முதல் ஏற்றம் தெரியும். இரண்டு பேரும் ஒரு பையுமாக வண்டி அதில் ஏறியது. கியர் குறையவில்லை. திணறவில்லை. மெக்கானிக் ரோட்டுக்கு வந்து நின்று, எங்காவது ஒரு தட்டல், ஒரு விசில், ஒரு இருமல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சத்தம் சீராக, கனமாக மேலே போய்க்கொண்டே இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.